குறுக்கே ரெண்டு வாள்

"இந்தச் சின்னத்துக்கு அர்த்தம் தெரியுமாம்மா?" காபிக் கோப்பையைக் காட்டி வருங்கால மருமகளைக் கேட்டார், ஓய்வுபெற்ற ராணுவக்காரர்.

அவள் கோப்பையைத் திருப்பிப் பார்த்தாள்.

"குறுக்கே ரெண்டு வாள்! போர்முனையில நின்ன பிரிவு எங்களோடது. இந்த வீட்டுப் பொண்ணு பட்டறை வேலைக்கெல்லாம் போகக் கூடாது. விட்டுடு."

"விட மாட்டேன் மாமா."

"அப்படியென்ன பெரிய வேலை?"

"கோப்பையில படம் ஒட்டுறது. இதையும் நான்தான் ஒட்டினேன். உங்க சமையல் பிரிவுக்காக, குறுக்கே ரெண்டு கரண்டி. படத்தாளைக் கத்தரிக்கும்போது கரண்டித் தலைகளையும் வெட்டிட்டேன். அந்தக் கோப்பையெல்லாம் பட்டறைக்கே திரும்பி வந்துடுச்சு. ஒருத்தர் மட்டும் வாள் மாதிரி இருக்குன்னு ஒண்ணை வச்சுக்கிட்டாராம்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி இடுப்பில் கைவைத்தாள். "உங்களுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதுன்னு சொல்லி முப்பது வருஷமா என்னை வேலை வாங்கினீங்களே! நீ வேலைக்குப் போம்மா."

அவர் எழுந்து, கோப்பையோடு சமையலறைக்குள் போனார்.