அம்மன் பேரைச் சொல்லி

“டீச்சர் சொன்னா தனிப்பயிற்சிக்கு அனுப்பிடுவியா? நம்ம வம்சத்துல மக்குப் புள்ளயே கெடயாது” என்று அண்ணன் கோதண்டம் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அவருக்குத் தெரியாமல், அம்மன் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டத் திணறும் மகளைப் பெரியபாளையத்திலிருந்த பயிற்சி மையத்துக்கு அழைத்து வந்தான் வரதன். வாசலில் அண்ணனே நின்றிருந்தார்.

வரதன் மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“அம்மனப் பாக்க வந்தா, நீ இங்க வந்து நிக்கிற. குடும்ப மானத்த வாங்கறியா? புள்ளயக் கூட்டினு கெளம்பு.”

வரதன் தலைகுனிந்து மகளோடு திரும்பினான்.

அப்போது பயிற்சி டீச்சர் உள்ளேயிருந்து அண்ணனின் பேரனை அழைத்து வந்தார்.

“இப்ப நல்லாப் படிக்கிறான் ஐயா. வாரா வாரம் நீங்க வுடாம அழச்சினு வந்ததுதான் காரணம்.”

அண்ணனால் வரதனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“இது என் தம்பி மக” என்றார் டீச்சரிடம், தாழ்ந்த குரலில். “இவளயும் பாருங்கம்மா.”