வெளிச்சத்தம் துளியும் கேட்காது

எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் கழுத்தில் எந்நேரமும் ஒரு ஹெட்போன் தொங்கும். வீட்டுப் படியில் கால் வைத்ததும் அது காதுக்கு ஏறிவிடும். மனைவியின் பேச்சுக்கு அவர் போட்ட தாழ்ப்பாள் அதுதான். தெருவுக்கே தெரிந்த சங்கதி, அந்த அம்மாளுக்குத் தெரியாமலா இருக்கும்?

அன்று, சட்டையெல்லாம் நூல் ஒட்டிய ஒருவர் வந்து ஹெட்போன் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"'வெளிச்சத்தம் துளியும் கேட்காது'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. எல்லாம் கேக்குதே!"

கடைக்காரர் பெட்டியைத் திருப்பினார். அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி, 'அமைதியான அறையில் மட்டும்' என்றிருந்தது.

"அமைதியான அறைக்கு இது எதுக்குங்க?"

"கம்பெனிக்காரன் அப்படித்தான்ணே." கடைக்காரர் கண்ணடித்தார். "ஏன், வீட்டுல அண்ணி சத்தம் அவ்வளவு ஜாஸ்தியா?"

"அவ எங்க சத்தம் போடறா? நர்ஸு. ராத்திரி ட்யூட்டி பாத்துட்டு வந்து பகல்லதான் தூங்கணும். இருக்கறது ஒரே ரூம். அவ காதுல இதை மாட்டி விட்டுட்டுத்தான் நான் தையல் மெஷினை மிதிக்கறேன். கேட்டா, நல்லாத் தூங்கினேங்கறா. கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு. பெட்டி சொன்ன பொய்க்கு உங்ககிட்ட வந்துட்டேன். அவ சொல்ற பொய்க்கு யார்கிட்டப் போறது?"

கடைக்காரர் தன் கழுத்தில் இருந்ததைக் கழற்றி, நன்றாகத் துடைத்து நீட்டினார்.

"இதை அண்ணி காதுல மாட்டுங்க. இதுல நெசமாவே ஒண்ணும் கேக்காது. நானே சாட்சி."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு இனிமே கொஞ்சம் கேக்கட்டும்ணே."