ஐந்தாம் கட்டிலின் காய்ச்சல்

தெர்மாமீட்டர் 98.4 காட்டியது. நர்ஸ் பூவிழி நம்பவில்லை.

ஐந்தாம் கட்டிலில் காவேரி அதை நாக்குக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். ஏரியூர்ப் பக்கத்துப் பெண். முதல் பிரசவம். சிசேரியன் ஆகி நான்காம் நாள். எட்டாம் மாதமே பிறந்துவிட்ட குழந்தையை மாடியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தினம் மூன்று வேளை சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அட்டையில் ஒரு வேளைகூடக் காய்ச்சல் எழுதியிருக்கவில்லை.

ஆனால் மணிக்கட்டில் நாடி நூற்றுப் பதினெட்டு ஓடியது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அறுவை சிகிச்சை வார்டில் பூவிழிக்குப் பதினான்காவது வருடம் இது.

தெர்மாமீட்டரைத் துடைத்து, இந்த முறை அக்குளில் வைத்தாள்.

காவேரியின் சிரிப்பு போய்விட்டது.

101.8.

பூவிழி தலையணைக்குப் பின்னால் கையை விட்டாள். ஐஸ் தண்ணீர் பாட்டில் சில்லென்று பட்டது. நர்ஸ் வருவது தெரிந்ததும் ஒரு வாய் குடித்து, வாயிலேயே அடக்கி வைத்திருந்திருக்கிறாள்.

பூவிழி திட்டவில்லை. வயிற்றுக் கட்டைப் பிரித்தாள். தையலின் ஓரம் சிவந்து வீங்கி, தொட்டால் கொதித்தது. டாக்டர் நவநீதனுக்குப் போன் போட்டாள்.

"சீழ் வச்சிருக்குங்க சார். இப்பவே வாங்க." இருக்கலாம் என்றெல்லாம் இழுக்கவில்லை.

அவர் வந்து இரண்டு தையலைப் பிரித்ததும் சீழ் வழிந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார். ஊசி மருந்தை மாற்றினார். மூன்றாம் நாள் அக்குளிலும் 98தான் வந்தது.

காய்ச்சல் இறங்குவதற்கு முன்பு, சீழ் எடுத்த அன்று சாயங்காலம், காவேரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தாள். பூவிழி குழந்தைகள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். காவேரியின் கையைக் கழுவி, மாஸ்க் மாட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, சாய்வுப் பாதை வழியாக மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

காவேரிக்கு நம்பவே முடியவில்லை. "காய்ச்சல்னு தெரிஞ்சா கொழந்தைகிட்ட வுட மாட்டாங்கன்னுதாங்க மறைச்சேன்."

பூவிழிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்தவளையா? எவ சொன்னா உனக்கு? யாருன்னு சொல்லு, நான் கேக்கறேன்."

காவேரி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"நீங்கதாங்க சிஸ்டர். கொழந்தை பொறந்த அன்னைக்கி எங்க வூட்டுக்காரர் மேல போறேன்னதுக்கு, காய்ச்சல் கீய்ச்சல் இருந்தா ஒருத்தரும் கொழந்தைகிட்ட போகக் கூடாதுன்னீங்க."

நாற்காலி பாதி வழியில் நின்றது.

எவ்வளவு யோசித்தும், அந்த வீட்டுக்காரரின் முகம்கூடப் பூவிழிக்கு ஞாபகம் வரவில்லை.