ஏழு பேருக்கு ஒரு வேன்

வீட்டுக்கு வேன் வந்து பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. இதுவரை எந்த விசேஷத்துக்கும் இரண்டு பைக், ஒரு டவுன்பஸ் என்று பிரிந்துதான் போயிருந்தார்கள். இன்று அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு ஏழு பேரும் ஒன்றாகப் போகிறார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தள்ளுகதவை ஆளுக்கொரு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு அப்பாவைத் தவிர எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் இருக்கை காலி.

வெளியே நின்ற அப்பா போனை வைத்தார். “டிரைவருக்குக் காய்ச்சலாம், வரமாட்டானாம். பத்து நிமிசத்துல ராகுகாலம் வேற.”

“ஓட்டத் தெரியாத மனுசன் வேன் வாங்குனா இப்படித்தான். எறங்குங்க, பஸ்ஸுக்குப் போவோம்” என்றாள் அம்மா. பட்டுப்புடவையில் அக்காவின் முகம் சுருங்கியது.

“நான் எறங்க மாட்டேன். மதினி தள்ளட்டும், நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிடுதேன்” என்றார் சித்தப்பா.

கடைசி இருக்கையிலிருந்து இளையவள் உலகம்மை எழுந்தாள். எல்லோருடைய முழங்கால்களையும் தாண்டி இறங்கி, அப்பாவிடம் சாவிக்குக் கை நீட்டினாள்.

“ஏளா, உனக்கு எதுக்கு?”

“நான் கம்ப்யூட்டர் கிளாஸ்னு சொல்லிட்டுப் போனது டிரைவிங் ஸ்கூலுக்குப்பா.”