எஸ்தா

பெரு நாட்டுத் துறைமுகம் ஒன்றில் கப்பல் நின்றபோது அதில் வேலை பார்த்த ரொசாரியோவுக்கு நெஞ்சுவலி வந்தது. அவரை அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கப்பல் போய்விட்டது. நர்சுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு மொழி தெரியாது. தூத்துக்குடியில் அவர் மனைவி செலஸ்டினா ஸ்பானிஷ் பாடப்புத்தகம் வாங்கிப் படித்தாள். ‘எஸ்தா’ என்றால் இருக்கிறார். தினமும் போனில் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது. அடுத்த பாடத்தின் தலைப்பு ‘இறந்தகாலம்’ என்றிருந்ததால் அதை அவள் திறக்கவேயில்லை.

அன்று நர்ஸ் நிறையப் பேசினாள். நடுவில் ஒரு சொல் மாறியிருந்தது.

செலஸ்டினா போனைப் பொத்திக்கொண்டு மகளிடம் கேட்டாள். “ஏட்டி, எஸ்தாபான்னா என்ன?”

ஜெனோவா அந்தப் பாடத்தைப் புரட்டினாள். “இருந்தாருன்னு அர்த்தம்மா. காய்ச்சலா இருந்தாருன்னுகூடச் சொல்லியிருக்கலாம்லா.”

செலஸ்டினா போனில், “எஸ்தா?” என்று மட்டும் கேட்டாள். நர்ஸ் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். வெகுநேரம் கழித்துக் காலடி ஓசை திரும்பி வந்தது. வருவது ஒருவரா இருவரா என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.