பழைய சேதி, இன்றைய தேதி

கதவைத் திறந்த ராஜப்பனைப் பார்த்ததும் மாதப்பன் கையிலிருந்த ரோஜா மாலை நழுவிக் கீழே விழுந்தது. மாலையை எடுக்கக் குனிந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே கேசரி கிண்டிக்கொண்டிருந்த தீர்த்தம்மாளுக்கு ஒரே பூரிப்பு. மகனுக்குப் பெண் கொடுப்பவர்கள் வீடு பார்க்க வருகிற நாள். ஒன்றுவிட்ட அண்ணன் மாலையோடு வந்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு, "இன்னும் பேசியே முடிக்கல, அதுக்குள்ள மாலையாண்ணா?" என்றாள்.

மாதப்பன் போனை நீட்டினார். 'அரூர் ராஜப்பன் காலமானார்' என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அதைப் போட்டது வேறு யாருமில்லை, சாட்சாத் ராஜப்பனேதான்.

ராஜப்பன் அரூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். 'அரூர் சேதி' என்று ஒரு வலைப்பதிவும் நடத்துகிறான். புதிதாக எது போட்டாலும் தலைப்பு தானாகவே ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். பழைய தளத்தை மூடப்போகிறார்கள் என்று தகவல் வந்ததால், பதிவுகளை எல்லாம் புது மென்பொருள் ஒன்றுக்கு மாற்ற உட்கார்ந்தான். அதில் பட்டனும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கருப்புத் திரையில் கட்டளையை டைப் அடித்தால்தான் வேலை நடக்கும். ஐயாவுக்கு அதில் ஒரு பெருமை வேறு.

இன்று காலை 'இம்போர்ட்' என்று அடித்து என்டரைத் தட்டினான். பதிவுகள் சமர்த்தாக வந்து சேர்ந்தன, தேதிகள் மட்டும் வரவில்லை. தேதி இல்லாத பதிவுக்கு இன்றைய தேதியைப் போட்டுக்கொள்வது அந்த மென்பொருளின் வழக்கமாம். என்றைக்கோ முடிந்த தீர்த்தமலைத் தேரைப் பார்க்க ஒரு கூட்டம் பஸ் ஏறிவிட்டது. எவர் வீட்டுக் காதுகுத்துக்கோ சீர்த்தட்டோடு கிளம்பியவர்கள், காலேஜ் படிக்கிற பெண்ணின் காதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

அவன் முதன்முதலில் எழுதிய பதிவு, அவன் தாத்தா இறந்த சேதி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுதான் நம் பக்கத்து வழக்கமாயிற்றே, அவரும் ராஜப்பன். உள்ளே வயது, போட்டோ எல்லாம் இருந்தது. ஆனால் தலைப்புக்குக் கீழே எவன் படிக்கிறான்?

பதறிப்போய், 'நான் நலமாக இருக்கிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம்' என்று ஒரு பதிவு போட்டான். அதையும் பழைய பதிவு என்று நினைத்து, சாவதற்கு முன் கடைசியாக எழுதியது என்று ஆளுக்கு ஆள் அனுப்பி அழுதார்கள்.

தீர்த்தம்மாளின் கவலை எல்லாம் சம்பந்தம் பற்றித்தான். இதுவரை வந்த சம்பந்தம் எல்லாமே ஊருக்குள் பையனைப் பற்றி விசாரித்ததோடு திரும்பிப் போனவை. இவனும் சும்மா இருந்தானா? கொதிக்க வைத்த டீத்தூளையே காயவைத்து மறுபடி போடும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை இன்னாசி, தராசில் விரல் வைக்கும் புளி மண்டிக்காரர் என்று ஒருத்தர் விடாமல் சேதியில் எழுதி மானத்தை வாங்கியிருந்தான். பெண் வீட்டார் வந்து பையன் எப்படி என்று கேட்டால் அவர்கள் விடுவார்களா? குடிகாரன் என்றார் ஒருத்தர். பெங்களூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது என்றார் இன்னொருத்தர்.

ராஜப்பனுக்கோ நெற்றி மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. இதுவும் தட்டிப்போனால் இனிமேல் கல்யாணப் பேச்சே எடுக்காதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

பெண்ணின் அப்பா தமிழ்மணி சித்தேரியிலிருந்து பஸ் ஏறியாயிற்று. அவரிடம் இருப்பது பட்டன் போன், மலைப்பாதையில் அதுவும் கிடைக்கவில்லை. வழியில் எவனாவது சேதியைச் சொல்வதற்குள் அவரைக் கையோடு அழைத்துவர மாதப்பன் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். சித்தேரி பஸ் எப்போதோ வந்து காலியாக நின்றிருந்தது. ஆளைக் காணோம்.

அதற்குள் வீட்டில் துக்கம் கேட்க வந்த கூட்டம் சேர்ந்துவிட்டது. தீர்த்தம்மாள் ஒவ்வொருவருக்கும் விஷயத்தைச் சொல்லி, கேசரியைக் கையில் கொடுத்து, தயவுசெய்து சிரித்த முகமாக உட்காரும்படி கேட்டுக்கொண்டாள். சங்கு ஊத வந்தவரைச் சங்கோடு கொல்லைப்பக்கம் அனுப்பினாள்.

ஒருவழியாகத் தமிழ்மணி வந்து சேர்ந்தார். கண் சிவந்திருந்தது. ராஜப்பன் கும்பிட்டதற்குப் பதில் கும்பிடு போடாமல் அவனையே உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். போச்சு, யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தாள் தீர்த்தம்மாள்.

"ஊருக்குள்ள யாராச்சும் ஏதாச்சும் சொல்லியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

தான் விசாரிக்காமல் பெண் கொடுக்கிற ஆள் இல்லை என்றார் தமிழ்மணி. பஸ் ஸ்டாண்ட் டீக்கடை, புளி மண்டி, தெருமுனை என்று எல்லா இடத்திலும் ராஜப்பன் எப்படிப்பட்டவர் என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறாராம். டீக்கடைக்காரர் தன்னைக் கட்டிக்கொண்டுவிட்டார் என்றும், கொடுத்த காசைக்கூட வாங்கவில்லை என்றும் சொன்னார்.

ராஜப்பன் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டம் கேசரியை மெல்வதை நிறுத்தியது.

"வூடெல்லாம் பாக்க வேணாங்க, தேதிய குறிச்சிருவோம்" என்றார் தமிழ்மணி. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ளய நல்லவருன்னு சொல்லிச் சொல்லி அழுவுற ஊர, இப்பத்தாங்க பாக்குறேன்."