புத்தகத்தில் படித்த குஸ்தி

"எல்லாம் இந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான், சார்."

லக்ஷ்மிநாராயணன் இப்படிச் சொன்னதும் பக்கத்தில் நின்ற சக குமாஸ்தா மஹாதேவனுக்கு ரத்தம் கொதித்தது.

விஷயம் இதுதான். 1909-ஆம் வருஷம். கல்கத்தா கார்டன் ரீச்சில் ஒரு கப்பல் கம்பெனி. குடிவெறியில் இருந்த மாலுமி ஒருவன் ஆபீஸ் வாசலில் பெரிய துரையைப் பாட்டிலால் அடிக்கப் பாய்ந்தான். பில் குமாஸ்தா லக்ஷ்மிநாராயணன் குறுக்கே புகுந்தார். அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தோளில் ஏற்றி, கல்லில் துணி துவைக்கிற மாதிரி தரையில் ஒரே அடி. ஐம்பதைத் தாண்டிய மனுஷர்!

மாலுமியை இழுத்துப்போக வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பாபு, இதை யாரிடம் கற்றாய்?"

அப்போதுதான் மேஜை டிராயரிலிருந்து அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகம் வெளியே வந்தது.

"ஜப்பான்காரன் வித்தை, சார். ஜுஜுத்ஸு. விலை பன்னிரண்டு அணா."

துரை வாய்விட்டுச் சிரித்தார். இன்ஸ்பெக்டர் அட்டையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மஹாதேவனுக்குத்தான் ஆறவில்லை. ஜுஜுத்ஸுவாவது மண்ணாங்கட்டியாவது! அது காளிகாட் ஹரிபத உஸ்தாதின் பிடி. வாலிப வயதில் இருவரும் அவருடைய கோதாவில் சேர்ந்து புரண்டவர்கள். அந்தக் காலத்தில் ஒரு பிடி கற்பது லேசா? மண் சலித்து, தண்ணீர் சுமந்து, உஸ்தாதுக்குக் கால் பிடித்து, அவர் மனசு இரங்கினால் ஒன்று சொல்லித் தருவார். இப்போது காலேஜ் பிள்ளைகள் தபாலில் புத்தகம் வரவழைத்து, படத்தைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டுகிறார்கள். அதுகள் போகட்டும். காலராவில் கிடந்தபோது உஸ்தாத் கையால் கஞ்சி குடித்த இந்த மனுஷருக்கு என்ன வந்தது?

டிபன் நேரத்தில் லக்ஷ்மிநாராயணனைப் பிடித்துக்கொண்டார்.

"ஓய், அது உஸ்தாத் பிடிதானே?"

"ஜுஜுத்ஸுலயும் இருக்கு, ஓய்."

"எந்தப் பக்கத்துல? காட்டும் பார்ப்போம்."

பதிலுக்குக் காத்திராமல் புத்தகத்தைப் பிடுங்கிப் பிரித்தார். பிரிந்தால்தானே! அச்சாபீஸில் மடித்த தாள்கள் கத்தி படாமல் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருந்தன.

"அடப்பாவி, பிரிச்சுக்கூடப் பாக்கலையா? துரைகிட்ட நல்ல பேர் வாங்க இப்படி ஒரு பச்சைப் பொய்யா?"

"சத்தம் போடாதேயும்."

"போடுவேன்! நாளைக்குக் காலம்பற துரைகிட்டயே போய் உண்மையைச் சொல்லப்போறேன். சோறு போட்ட குருவை மறைக்கிறவன் மனுஷனா?"

லக்ஷ்மிநாராயணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மஹாதேவன், உம்ம கால்ல வேணா விழறேன். துரைகிட்டப் போறதுக்கு முன்னால உஸ்தாதை ஒரு தடவை பார்த்துட்டுப் போம்."

"பேஷாப் பார்க்கறேன். அவர் வாயாலேயே நாலு கேளும்."

சாயங்காலம் காளிகாட்டுக்கு டிராம் ஏறினார். உஸ்தாதைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. அதற்காக அவர் கோபம் ஒன்றும் குறையவில்லை.

கோதா இருந்த இடத்தில் கோதா இல்லை. அந்த மண்ணில் சாமந்திச் செடிகள் நின்றன. எழுபது வயது உஸ்தாத் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வா பாபா, மஹாதேவ்! எத்தனை வருஷமாச்சு!"

"கோதா எங்கே, உஸ்தாத்?" மஹாதேவன் வங்காளியில் கேட்டார்.

"உனக்குத் தெரியாதா? கம்பு, குஸ்தி சொல்லிக்கொடுக்கிறவனெல்லாம் வெடிகுண்டுக்காரன் என்கிறது சர்க்கார். பக்கத்துத் தெரு உஸ்தாதைப் பிடித்துப் போனவர்கள் இன்னும் விடவில்லை. நான் இப்போது கோயிலுக்குப் பூ விற்கிறவன்."

மஹாதேவனுக்கு அது சரியாகக் காதில் ஏறவில்லை. வந்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டினார். "நாலு பேர் நடுவில் உங்கள் பெயரையே மறைத்துவிட்டான், உஸ்தாத்! புத்தகத்தில் படித்தானாம்!"

உஸ்தாத் குடத்தைக் கீழே வைத்தார்.

"மத்தியானம் ஒரு இன்ஸ்பெக்டர் இங்கே வந்தார். இந்தப் பக்கத்துப் பழைய உஸ்தாதுகளையெல்லாம் விசாரிக்கிறாராம். 'கப்பல் ஆபீஸ் மதராஸி உன் சிஷ்யனா?' என்றார். 'மதராஸிக்குக் குஸ்தி எங்கே வரும்?' என்று சிரித்துவிட்டேன். 'ஆமாம், அவனும் புத்தகம் என்றுதான் சொன்னான்' என்று போய்விட்டார். யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் வேலை போயிருக்கும், நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன்."

மஹாதேவன் குனிந்து குடத்தை எடுத்தார். நாளைக் காலையில் துரையிடம் சொல்வதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை விழுங்கிவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

உஸ்தாத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவனுக்குத் தெரிந்த பிடியெல்லாம் நான் சொல்லித் தந்தது, பாபா. ஊர் திட்டினாலும் வாயைத் திறக்காமல் குருவைக் காப்பாற்றுகிற இந்தப் பிடியை மட்டும் நான் சொல்லித் தரவே இல்லை. இதை எந்தப் புத்தகத்தில் படித்தான்?"